பஸ்ஸில் வரும் டீச்சர் - ஒரு சின்ன வரலாறு

திண்டுக்கல் பக்கம் எந்த யூனியன் பள்ளிக்கூடத்துல போய்க் கேட்டாலும் "ஐ.இ.டி. டீச்சர்" என்றால் தெரியும். வாரத்துல ஒரு நாளோ, ரெண்டு வாரத்துக்கு ஒரு நாளோ, தோள்ல ஒரு பெரிய பையோட பஸ்ஸை விட்டு இறங்கி வருவாங்க. காது கேக்காத பையன், கண்ணு சரியாத் தெரியாத பொண்ணு, மெதுவாக் கத்துக்கிற பிள்ளை, இவங்களைத் தனியா உக்கார வச்சு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்துட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போயிருவாங்க. அரசாங்கத்துல அவங்களுக்கு "சிறப்புப் பயிற்றுநர்"னு பேர். ஐ.இ.டி.ங்கிறது ஒரு பழைய திட்டத்தோட சுருக்கப் பேரு. திட்டத்தோட பேரு நாலஞ்சு தடவை மாறிருச்சு, ஊர் வாயில இன்னும் அதே பேருதான்.

இந்த டீச்சர் எங்கேயிருந்து வந்தாங்க? பஸ் ஸ்டாண்டுல இருந்துன்னு கடிக்காதீங்க. இப்படி ஊர் ஊராச் சுத்துற ஒரு வாத்தியார் வேலை எப்ப, ஏன் ஆரம்பிச்சதுன்னு கேக்குறேன். ரொம்ப நாளா இதைப் பத்தித் துருவிட்டு இருந்தேன். தெரிஞ்ச வரைக்கும் எழுதி வைக்கிறேன்.

முதல்ல பாளையங்கோட்டைக்குப் போகணும். தமிழ்நாட்டுல பார்வையில்லாத பிள்ளைங்க படிப்புன்னா அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கும். ஆஸ்க்வித் அம்மையார்ங்கிற மிஷனரி 1890-ல அங்கே பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினாங்க. காது கேளாதவங்களுக்கான பள்ளியை ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் அதே ஊர்ல ஆரம்பிச்சாங்க. அப்புறம் பூந்தமல்லி மாதிரி இடங்கள்ல அரசாங்கப் பள்ளிகள் வந்தது. எல்லாமே விடுதிப் பள்ளிகள். நல்ல பள்ளிகள்தான், எத்தனையோ பேருக்கு வாழ்க்கை கொடுத்த பள்ளிகள். அதுல எனக்கு மறு பேச்சு இல்லை.

ஆனா ஒரு கணக்கு இருக்கு. திண்டுக்கல்லுல இருந்து பாளையங்கோட்டை 200 கிலோமீட்டருக்கு மேல. வேடசந்தூர் பக்கம் மானாவாரிக் காட்டுல சோளம் விதைக்கிற ஒரு குடும்பம், ஆறு வயசுப் பிள்ளையைக் கொண்டு போய் அங்கே விடணும்னா என்ன ஆகும்? பெரும்பாலும் விட மாட்டாங்க. பிள்ளை வீட்டு வாசல்லயே உக்காந்திருக்கும். ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கும். துணிஞ்சு கொண்டு போய் விட்டவங்களுக்கும் வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் பிள்ளை கண்ணுல படும். பத்து வருஷம் கழிச்சுப் படிச்சு முடிச்சு வர்றப்ப சொந்த ஊர்ல ஒருத்தனும் சிநேகிதன் கிடையாது.

இதைக் கணக்காவே போட்டுப் பார்த்த ஒரு மனுஷன் ஜான் வில்சன். இங்கிலாந்துக்காரர். 1931-ல, பன்னிரண்டு வயசுல, பள்ளிக்கூட வேதியியல் வகுப்புல நடந்த வெடி விபத்துல ரெண்டு கண்ணும் போயிருச்சு. ஆனாலும் ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சார். 1950-ல அவர் ஆரம்பிச்ச அமைப்புதான் பிற்பாடு ராயல் காமன்வெல்த் பார்வையற்றோர் சங்கம்னு பேர் மாறி, இன்னிக்கு சைட்சேவர்ஸ்னு உலகம் பூரா இருக்கு. ஆசியாவிலேயும் ஆப்பிரிக்காவிலேயும் பார்வையில்லாத பிள்ளைங்க பெரும்பாலும் கிராமத்துலதான் இருக்காங்க. அத்தனை பேருக்கும் விடுதி கட்டணும்னா எந்த ஏழை நாட்டு கஜானாவும் தாங்காது. அப்ப ஒரே வழி, பிள்ளையை அதோட ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே உக்கார வச்சு, அதுக்குத் தேவையான தனிப் பாடத்தை மட்டும் ஒரு ஆள் கொண்டு போய்க் கொடுக்கிறது. 1950-களோட கடைசியில பம்பாயில இந்த மாதிரி முதல் முயற்சி நடந்தப்ப வில்சனோட அமைப்பும் கூட நின்னது.

நம்ம ஊருக்கும் வில்சனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல தொடங்கின டாக்டர் வெங்கடசாமி, அதுக்கு முன்னாடி அரசு டாக்டரா இருந்தப்ப, 1965-ல அமெரிக்காவுல ஒரு மாநாட்டுல வில்சனைச் சந்திச்சார். அந்த நட்பு கடைசி வரைக்கும் இருந்தது. அப்ப திண்டுக்கல் தனி மாவட்டம் கிடையாது, மதுரை மாவட்டம்தான் (1985 செப்டம்பர்லதான் பிரிஞ்சது). சத்துக் குறைவால, வைட்டமின் ஏ பத்தாம, குழந்தைங்களுக்குக் கண்ணு போறது அந்தக் காலத்துல சாதாரணமா நடந்த கொடுமை. கண் முகாம் நடத்தினவங்க இதைக் கண்ணால பார்த்தாங்க. காப்பாத்த முடிஞ்ச கண்ணைக் காப்பாத்திடலாம். முடியாமப் போன பிள்ளை அடுத்து எங்கே போகும்? அந்தக் கேள்விக்கு டாக்டர்கிட்ட மருந்து கிடையாது, வாத்தியார்கிட்டதான் இருக்கு.

டெல்லிக்காரங்களுக்கு இந்த யோசனை புதுசு இல்லை. 1944-லேயே சார்ஜண்ட் அறிக்கை, முடிஞ்ச இடத்துல எல்லாம் ஊனமுள்ள பிள்ளைகளைப் பிரிச்சு வைக்காதீங்கன்னு சொல்லிருச்சு. 1964-66 கோத்தாரி குழுவும் அதையே சொன்னது. நம்ம நாட்டு வழக்கப்படி சொல்லி முப்பது வருஷம் கழிச்சு, 1974-ல, மத்திய சமூக நலத் துறை ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைக் கொண்டு வந்தது. இதோட இங்கிலீஷ் சுருக்கம்தான் அந்த ஐ.இ.டி. எட்டு வருஷம் அது சமூக நலத் துறையில இருந்தது, அதாவது பள்ளிக்கூடம் ஒரு துறை, பிள்ளை இன்னொரு துறை. 1982-லதான் கல்வித் துறைக்கு வந்தது.

1992-ல திருத்தின விதிமுறையில இருக்கிற தொகைகளைப் பாருங்க. புத்தகம் நோட்டுக்கு வருஷத்துக்கு 400 ரூபாய். சீருடைக்கு 200. போக்குவரத்துக்கு மாசம் 50. பார்வையில்லாத பிள்ளைக்கு அஞ்சாம் வகுப்புக்கு மேல, படிச்சுக் காட்டுற ஆளுக்கு மாசம் 50. கடுமையான ஊனம் இருந்தா துணைக்கு வர்ற ஆளுக்கு மாசம் 75. கருவிகளுக்கு அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்து 2000. அப்புறம் எட்டுப் பிள்ளைக்கு ஒரு சிறப்பு ஆசிரியர்.

எட்டுக்கு ஒண்ணு. காகிதத்துல பார்க்க நல்லாத்தான் இருக்கு. டவுன்ல சரியாவும் வரும். எட்டுப் பிள்ளையையும் ஒரே பள்ளிக்கூடத்துல சேர்த்து, ஒரு அறை ஒதுக்கி, ஆசிரியரை அங்கேயே உக்கார வைக்கலாம். ஆனா நம்ம சமவெளியில அந்த எட்டுப் பேரும் ஒரே ஊர்ல பிறக்கிறது இல்லையே! ஒருத்தன் கோபால்பட்டியில, ஒருத்தி கொசவபட்டியில, இன்னொருத்தன் செந்துறையில. வடக்கே போனா எரியோட்டுல ஒண்ணு, கோவிலூர்ல ஒண்ணு, குஜிலியம்பாறையைத் தாண்டி ஒண்ணு. அதனாலதான் ஆசிரியர் நடக்க வேண்டியதாச்சு. பெரிய கல்வித் தத்துவம் எல்லாம் அப்புறம் சேர்த்த ஜிகினா. அடிப்படைக் காரணம் பிள்ளைங்க தள்ளித் தள்ளி இருக்காங்க, ஆசிரியர் குறைச்சலா இருக்காங்க, அவ்வளவுதான்.

பஸ் வசதியும் இந்தக் கதையில ஒரு பாத்திரம். 90-களோட கடைசியில மினி பஸ் வந்த பிறகுதான் உள்ளே தள்ளி இருக்கிற பல ஊர்களுக்கு ஒரு டீச்சர் காலையில போய் மத்தியானம் வேற ஊருக்கு மாற முடிஞ்சது. 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இந்த வேலையில நிறையப் பேர் பெண்கள். கைக்காசைப் போட்டுச் சுத்தினவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு அவங்களைக் கேட்டாத்தான் தெரியும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா இந்த வேலையில பல வருஷம் இருந்தாங்க. பேரும் ஒன்றியமும் வேண்டாம். அவங்க பையில என்ன இருக்கும்னு ஒரு தடவை கேட்டேன். பிரெயில் ஸ்லேட், ஸ்டைலஸ், கெட்டிக் காகிதம். கணக்குப் போட டெய்லர் சட்டம். கருப்பு மார்க்கர். காது மெஷினுக்கு செல். பல்லாங்குழிச் சோழி. ஒரு துண்டு, பிஸ்கட் பாக்கெட் ரெண்டு.

பிரெயில் சொல்லிக் கொடுக்கிறது லேசான காரியம் இல்லை. ஸ்லேட்டுல எழுதறப்ப வலது பக்கம் இருந்து இடது பக்கமாக் குத்திட்டே போகணும், காகிதத்தைத் திருப்பித் தடவினா இடமிருந்து வலமா வரும். எழுதறதும் வாசிக்கிறதும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி. ஆறு புள்ளிதான், ஆனா விரல் பழக மாசக்கணக்காகும். தினமும் தடவணும். வாரத்துல ஒரு மணி நேரத்துல அது வராது. மத்த நாலு நாளும் அந்தப் பிள்ளை என்ன பண்ணுது?

"அதான் தம்பி விஷயமே. நான் இருக்கிற நேரம் பிள்ளை படிக்கும். நான் பஸ் ஏறினதும் அது மறுபடி கடைசி பெஞ்சுல உக்காந்துரும். கிளாஸ் டீச்சர் கெட்டவங்க இல்லை, நாப்பது பிள்ளைய வச்சுக்கிட்டு அவங்க என்ன செய்வாங்க? இவன் உங்க பிள்ளைன்னு என்கிட்டயே சொல்வாங்க. உங்க பிள்ளை இன்னிக்கு அழுதுச்சு, உங்க பிள்ளை சாப்பிடலைன்னு."

காது மெஷின் கதை இன்னும் மோசம். முகாம் வச்சு ஒரு பையனுக்கு மெஷின் கொடுத்தாச்சு. அடுத்த தடவை அக்கா போனா காதுல மெஷின் இல்லை. எங்கேன்னு கேட்டா, உடைஞ்சிரும்னு பீரோவுல பத்திரமாப் பூட்டி வச்சிருக்காங்க! இன்னொரு பையன் மாட்டிட்டுத்தான் இருந்தான், செல் தீர்ந்து ரெண்டு மாசம் ஆச்சு. காதுக்குள்ள வைக்கிற அச்சும் பிள்ளை வளர வளரத் தளர்ந்து போகும். தளர்ந்தா 'கீ...'ன்னு விசில் அடிக்கும். பக்கத்துப் பிள்ளைங்க சிரிப்பாங்க, அவன் கழட்டி டவுசர் பைக்குள்ள போட்டுக்குவான். இது எதுக்கும் நிபுணர் தேவையில்லை. தினமும் கூட இருக்கிற ஒரு ஆளுக்கு, காலையில மெஷினை ஆன் பண்ணி பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கணும்னு தெரிஞ்சிருந்தாப் போதும்.

சுத்தி வர்ற டீச்சரோட முதல் மாணவர் அந்தப் பிள்ளை இல்லை, அந்த வகுப்பு ஆசிரியர்தான். எனக்கு இந்த வரலாறு பூரா இப்படித்தான் தெரியுது. போர்டுல எழுதறப்ப வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுங்க, அவனை ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்கார வைங்க, திரும்பி நின்னு பேசாதீங்க, அவன் உங்க உதட்டைப் பார்க்கணும்... இந்த நாலு விஷயத்தை வகுப்பு ஆசிரியர்கிட்ட விட்டுட்டுப் போனாத்தான் அடுத்த பஸ் வர்ற வரைக்கும் பிள்ளை தாங்கும்.

இதை சர்க்கார்லயே ஒரு தடவை சரியாப் புரிஞ்சுக்கிட்டாங்க. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்கு அடுத்த வருஷம், 1987-ல, யுனிசெஃப் உதவியோட என்.சி.இ.ஆர்.டி. ஒரு சோதனைத் திட்டம் நடத்தினது. பத்து இடம், அதுல தமிழ்நாடும் ஒண்ணு. இடத்துக்கு ஒரு வட்டாரத்தை எடுத்துக்கிட்டு, அங்கே உள்ள எல்லாப் பள்ளிக்கூடமும் ஊனமுள்ள பிள்ளைகளைச் சேர்க்கணும்னு வச்சாங்க. பயிற்சியை மூணு படியாப் பிரிச்சது எனக்கு ரொம்பப் பிடிச்சது. வட்டாரத்துல உள்ள எல்லா ஆசிரியருக்கும் ஒரு வாரம். அதுல நூத்துக்குப் பத்துப் பேருக்கு ஆறு வாரம். எட்டு பத்துப் பேருக்கு மட்டும் ஒரு வருஷம், அதுவும் பார்வை, கேட்பு, மனவளர்ச்சின்னு எல்லாத்துக்கும் சேர்த்து. கடைசிப் படியில உள்ளவங்க சுத்தி வந்தா, ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் ஓரளவு விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் ஏற்கெனவே இருப்பார்.

கோயம்புத்தூர் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயாவுல எம்.என்.ஜி. மணிங்கிற பேராசிரியர் இதே பாதையிலதான் வேலை செஞ்சார். பார்வையற்றோர் கல்விக்கான அகில உலக அமைப்புல பிற்பாடு பொறுப்பு வகிச்சவர். பெரியநாயக்கன்பாளையத்துல உக்காந்துக்கிட்டு, ஏழை நாட்டுக் கிராமத்துக்கு ஏத்த ஆசிரியர் பயிற்சி எதுன்னு யோசிச்சு எழுதினவர். நம்ம ஊர்ல இவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த மூணு படி நாடு பூராப் பரவியிருந்தா நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பரவலை. 1994-ல ஸ்பெயின்ல சாலமங்கா ஊர்ல 92 நாட்டு அரசாங்கங்கள் கூடி, எல்லாப் பிள்ளைக்கும் பொதுப் பள்ளிதான் இடம்னு அறிவிச்சாங்க. "ஒருங்கிணைந்த" போய் "உள்ளடக்கிய" வந்தது. அதே 90-கள்ல வந்த மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தர்மபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூருக்கும், அப்புறம் பெரம்பலூர், புதுக்கோட்டை, ராமநாதபுரத்துக்கும் போச்சு. திண்டுக்கல் அந்த லிஸ்ட்ல இல்லை.

நமக்கு 2001-க்கு மேல அனைவருக்கும் கல்வி இயக்கம்தான். அதோட வட்டார வள மையம் வந்தது. திண்டுக்கல் மாவட்டத்துல 14 ஒன்றியம், சாணார்பட்டி, நத்தம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டின்னு. கொடைக்கானலும் அதுல ஒண்ணு, அங்கே பஸ் கதையே வேற. தமிழ்நாட்டுல ஆரம்பத்துல தொண்டு நிறுவனங்கள் மூலமா சிறப்பு ஆசிரியர்களை எடுத்தாங்க, பிறகு அரசே நேரடியாத் தொகுப்பூதியத்துல வச்சுக்கிட்டது. ஒதுக்கீடு ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 1200 ரூபாய். கல்வி உரிமைச் சட்டத்துக்கு அப்புறம் அது 3000 ஆச்சு, அதுல குறைஞ்சது 1000 ஆசிரியருக்குன்னு வச்சாங்க. 2018-ல எல்லாத்தையும் ஒண்ணாக்கின சமக்ர சிக்ஷாவுல 3500.

இந்தத் தலைக்கு இவ்வளவுங்கிற கணக்குலதான் வினையே இருக்குன்னு நினைக்கிறேன். காசு பிள்ளை தலையில வருது. அதனால பிள்ளையை எண்ணணும், படிவம் நிரப்பணும், எத்தனை தடவை பார்த்தோம்னு பதிவேட்டுல ஏத்தணும். வகுப்பு ஆசிரியர்கூட உக்காந்து பேசின அரை மணி நேரத்துக்குப் பதிவேட்டுல கட்டம் கிடையாது! ஒரு பேச்சுக்கு, ஒரு டீச்சருக்கு 20 பள்ளிக்கூடம், மாசம் 20 வேலை நாள்னு வைங்க. மீட்டிங், முகாம், வீட்டுலயே படுக்கையில இருக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் போறது எல்லாம் கழிச்சா ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாசத்துக்கு ஒரு நாள்கூடத் தேறாது.

இதுல இன்னொரு சிக்கல். 1995 சட்டத்துல ஊனம் ஏழு வகை. 2016 சட்டத்துல 21 வகை. நல்லதுதான், வெளியே நின்ன பிள்ளைங்க உள்ளே வந்தாங்க. ஆனா சிறப்புக் கல்வியில பட்டயமோ பி.எட்.டோ படிக்கிறவங்க பெரும்பாலும் ஒரு வகையைத்தான் எடுத்துப் படிக்கிறாங்க. காது கேளாதோருக்குப் படிச்ச அக்கா, போற ஊர்ல பார்வையில்லாத பொண்ணைப் பார்த்தா என்ன செய்வாங்க? என் அக்கா பிரெயிலை வேலைக்கு வந்த பிறகு ராத்திரி ராத்திரியா உக்காந்து கத்துக்கிட்டாங்க. எல்லாரும் அப்படி இருப்பாங்கன்னு எதிர்பார்க்கிறது நியாயம் இல்லை, அதுவும் நிரந்தரம் இல்லாத வேலையில.

ஆப்பிரிக்காவுலயும் கதை ஏறக்குறைய இதேதான். கென்யாவுல 1984-ல டென்மார்க் உதவியோட மாவட்டம்தோறும் பிள்ளைகளைச் சோதிச்சுப் பார்க்கிற மையங்கள் வந்தது. மலாவியில மான்ட்ஃபோர்ட் கல்லூரியில படிச்சவங்க கிராமம் கிராமமாப் போறாங்க. அங்கே நம்ம மாதிரி மணிக்கொரு பஸ் கிடையாது, மோட்டார் சைக்கிளும் பெட்ரோலும் இருந்தாத்தான் வேலை. உதவி கொடுக்கிற நாடு வண்டி வாங்கித் தரும், பெட்ரோலுக்கும் பஞ்சருக்கும் யார் கொடுப்பாங்கன்னு சொல்லாது. நம்ம மினி பஸ்ஸை நினைச்சா அந்த வகையில நாம கொடுத்து வச்சவங்க.

சமீபத்துச் செய்திக்கு வர்றேன். 2021 அக்டோபர் 28-ல உச்ச நீதிமன்றம் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்குல ஒரு தீர்ப்புக் கொடுத்தது. எத்தனை பிள்ளைக்கு ஒரு சிறப்பு ஆசிரியர்ங்கிற விகிதத்தை மத்திய அரசு உடனே அறிவிக்கணும். நிரந்தரப் பணியிடம் உருவாக்கணும். அது நடக்கிற வரைக்கும் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளுக்குள்ள சுத்தி வர்ற ஆசிரியர்களை வச்சுச் சமாளிச்சுக்கலாம். அதாவது 1974-ல இருந்து நம்ம ஊர்ப் பக்கம் எது முழு ஏற்பாடா ஓடிட்டு இருக்கோ, அதை நீதிமன்றம் தற்காலிகம்னு சொல்லிருச்சு. 2025 மார்ச்சுல மறுபடியும் அதே வழக்குல, பணியிடங்களை அறிவிங்கன்னு மாநிலங்களுக்கு உத்தரவு போட வேண்டி வந்தது.

பேச்செல்லாம் எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆசிரியர்ங்கிற கணக்கைப் பத்தித்தான். அதே 2021 தீர்ப்புல இன்னொரு வாசகம் இருக்கு, யாரும் பெரிசா எடுத்துப் போடலை. சாதாரணப் பள்ளிகள்ல வேலை பார்க்கிற மத்த ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் இந்தப் பிள்ளைகளைக் கையாளக் கட்டாயப் பயிற்சி கொடுக்கணும்னு. அக்காகிட்ட இதைச் சொன்னேன். "ஒரு வாரம் கொடுத்தாக்கூடப் போதும் தம்பி"ன்னாங்க. 1987 திட்டத்தைப் பத்தி அவங்களுக்குத் தெரியாது. அந்த முதல் படியும் ஒரு வாரம்தான்.